பேரைத்தான் போடலையே

என் மகள் பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கியதிலிருந்துதான் எங்கள் வீட்டுக்குச் சனியன் பிடித்தது. இதைச் சொன்னால் காரக்குன்னில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நான் வயிறு எரிந்து சொல்கிறேன்.

எங்கள் ஊரில் ஒரு பிள்ளை ஃபுல் ஏ பிளஸ் வாங்கிவிட்டால் அது அப்புறம் பெற்றவர்களின் பிள்ளை இல்லை, ஊர்ப் பிள்ளை. மறுநாளே பஸ் நிற்கிற முக்கில் ஃபிளெக்ஸ் தொங்கும். யுவதாரா என்கிற எங்கள் ஊர் மன்றம் ஒன்று வைக்கும். மன்றம் வைத்துவிட்டதே என்று ஆளுங்கட்சி வார்டு கமிட்டி ஒன்று வைக்கும். அவர்கள் வைத்த பிறகு எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? அப்புறம் கூட்டுறவு வங்கி, கோயில் கமிட்டி, நகைக்கடை. பிள்ளையின் முகம், பேர், அப்பா அம்மா பேர், வீட்டுப் பேர், படித்த பள்ளிக்கூடம் எல்லாம் அதில் இருக்கும். தேர்தலில் நிற்கிறவனுக்குக்கூட இவ்வளவு விவரம் போடுவதில்லை.

நான் போட்டோ கொடுக்கமாட்டேன் என்றேன். மன்றத்துச் செயலாளர் சுகுமாரேட்டன் வீட்டுக்கே வந்துவிட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் ஏட்டன், அதாவது அண்ணன். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் வந்து நிற்கிற ஆள். கெட்ட மனுஷராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

"ஒரு போட்டோவுக்கு இவ்வளவு பிகுவா ப்ரஜிஷா?"

"அவ முகத்தை ரோட்டுல தொங்க விடறது எனக்குப் பிடிக்கல ஏட்டா."

"மத்த பிள்ளைங்கல்லாம் தொங்குதே. மதுவோட மகன் தொங்கறான், டீச்சரோட ரெட்டைப் பிள்ளைங்க தொங்குதுங்க. அதுங்களுக்கென்ன, தேஞ்சா போச்சு?"

"தொங்கறவங்க தொங்கட்டும். என் பிள்ளை வேணாம்."

"உனக்குத் தலைக்கனம்னு ஊர்ல பேசுவாங்க."

"பேசட்டும்."

நான் கூரியர் ஆபீஸில் கவுன்ட்டரில் இருக்கிறவள். ஒரு ஜோடி செருப்புப் பார்சலாக இருந்தாலும் அடையாள அட்டை பார்க்காமல் யார் கையிலும் கொடுக்கமாட்டேன். நிவேத்யாவையும் அப்படித்தான் வளர்த்தேன். அவளுக்கென்று தனி போன் கிடையாது. என் போனில்தான் பார்ப்பாள், அதுவும் கூடத்தில் உட்கார்ந்து. எந்த ஆப்பிலும் அவளுக்குக் கணக்குக் கிடையாது. இதெல்லாம் வெறும் கண்டிப்பு என்று நினைக்க வேண்டாம். எதற்கு என்று உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறேன். ஏதாவது அசிங்கம் கண்ணில் பட்டால் முதலில் என்னிடம் வா, நான் திட்டமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். பேப்பரில் வருகிற அறிவுரையெல்லாம் வெட்டி எடுத்துக் கடைப்பிடித்தவள் நான்.

என்ன பிரயோஜனம்? இரண்டு நாள் கழித்து வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் முக்கில் என் மகள் ஆளுயரத்துக்கு நிற்கிறாள். பாவாடை தாவணி, தலை நிறைய மல்லிகைப்பூ. எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படத்திலிருந்து வெட்டி எடுத்திருந்தார்கள். அவள் தோளில் என் நாத்தனாரின் நாலு விரல் மட்டும் மிச்சமிருந்தது. அடியில் கொட்டை எழுத்தில்: 'நிவேத்யா வினீஷ், தெக்கேவளப்பில் வீடு. ஊரின் பெருமை.'

படத்தைக் கொடுத்தது வேறு யாருமில்லை, என் புருஷன். வினீஷ் தோஹாவில் லாரி ஓட்டுகிறார். சுகுமாரேட்டன் அவருக்கு ஒரு மெசேஜ் போட்டிருக்கிறார். இந்த மனுஷன் அந்த நிமிஷமே அனுப்பிவிட்டார்.

"என் மகள் ஜெயிச்சதை நாலு பேர் பார்க்கட்டுமே. இங்க என் ரூம்ல எல்லார்கிட்டயும் காட்டினேன். அந்த ஃபிளெக்ஸ் படத்தைத்தான் இப்ப வாட்ஸ்அப்ல வச்சிருக்கேன்" என்றார்.

குரலில் அவ்வளவு சந்தோஷம். அங்கே வெயிலில் வேகிற மனுஷனிடம் அதற்கு மேல் எனக்குச் சண்டை போட வரவில்லை. போட்டிருக்க வேண்டும்.

மன்றம் அதே படத்தை நெட்டில் உள்ள தங்கள் பக்கத்திலும் போட்டது. ஊரே இதயம் போட்டது. ஜூன் பிறந்து மழை ஆரம்பித்த வாரத்தில் நிவேத்யாவின் தோழி ஃபிதா குடையை மடக்கக்கூட இல்லாமல் வந்து நின்றாள். ஃபிதாவின் அண்ணன் போனில் ஒரு போலிக் கணக்கு வந்திருக்கிறது. நிவேத்யா பேர், அதே தாவணிப் படம், தோளில் அதே நாலு விரல். அதில் அவள் பேரில் யாரோ ஆண்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் எழுத மாட்டேன். பதினைந்து வயதுப் பிள்ளை அவள்.

நான் சொல்லிவைத்திருந்தபடியே நிவேத்யா நேராக என்னிடம் வந்தாள். அழவில்லை. "அம்மே, நான் எதுவும் பண்ணல" என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்கே எனக்கு அந்தக் கணக்கைத் தொடங்கியவனைக் கண்டந்துண்டமாக நறுக்க வேண்டும் போலிருந்தது.

வினீஷைக் கூப்பிட்டுச் சொன்னேன். எடுத்த எடுப்பில் அவர் கேட்டது: "அவ கையில எதுக்குப் போனைக் குடுத்த?"

"அவ கையில போனே இல்ல. உங்க கையிலதான் இருந்துச்சு" என்றேன்.

போனை வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அவருடைய வாட்ஸ்அப்பில் படம் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

மறுநாள் இரண்டு பையன்கள் பைக்கில் எங்கள் சந்துக்குள் வந்து தெக்கேவளப்பில் வீடு எது என்று விசாரித்தார்கள். வெளியூர்க்காரர்கள். பக்கத்து வீட்டு நாய் குரைத்த குரைப்பில் ஓடிவிட்டார்கள். நிவேத்யா ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து அவள் கேட்டைத் தாண்டவில்லை. பிளஸ் ஒன் கிளாஸ் திங்கட்கிழமை தொடங்குகிறது, டவுன் ஸ்கூலில் அவள் ஆசைப்பட்ட சயன்ஸ் குரூப் கிடைத்திருக்கிறது. போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

"முக்குல நின்னுதானே பஸ் ஏறணும்? அங்க நான் தொங்கிட்டிருக்கேன். அதுக்குக் கீழயே நான் போய் நிக்கணுமா?"

"திங்கட்கிழமைக்குள்ள உன் முகம் எங்கேயும் இருக்காது. நான் பார்த்துக்கறேன்."

"எல்லா இடத்திலேயுமா?"

"எல்லா இடத்திலேயும்."

வாக்குக் கொடுப்பது எனக்கு ஒரு வியாதி.

மாவட்டத் தலைநகரில் சைபர் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. அங்கே எஸ்.ஐ. ஜஸ்னா மேடம். திட்டு வாங்கப் போகிறேன் என்று நினைத்துத்தான் போனேன். அவர் நாற்காலி போட்டு, சாயா வரவழைத்து, பிள்ளையை ஸ்டேஷனுக்குக் கூட்டிவரவே வேண்டாம், நானே சாதாரண உடுப்பில் வீட்டுக்கு வந்து கேட்டுக்கொள்கிறேன் என்றார். அப்படியே செய்தார்.

"கணக்கோட லிங்க் வேணும் சேச்சி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சது மட்டும் போதாது" என்றார். ஃபிதா வீட்டுக்குப் போய் லிங்க் வாங்கி அனுப்பினேன். மறுநாள் மத்தியானம் அந்தக் கணக்கு காணாமல் போயிருந்தது. என் கண்ணையே நம்ப முடியவில்லை. சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அது வேலையும் செய்கிறது.

"ஆள் யாருன்னு கண்டுபிடிக்க நாளாகும். அதுவரைக்கும் ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. இந்தப் பிள்ளை யாருன்னு வெளிய ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. பேர், போட்டோ, வீடு, ஸ்கூல் எதுவும் வரக் கூடாது. போட்டா போட்டவங்க மேல கேஸ். அந்த ஃபிளெக்ஸையும் நெட்ல இருக்கற படத்தையும் உடனே எடுக்கச் சொல்லுங்க. இல்லேன்னா இன்னொருத்தன் எடுத்து இன்னொரு கணக்கு தொடங்குவான்."

எடுக்கச் சொல்லுங்கள் என்று சொல்வது சுலபம். மற்றவர்கள் வைத்த ஃபிளெக்ஸ் எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கவில்லை. மாட்டுக்கொட்டகைக்கும் விறகுக்கும் மூடக் கொண்டுபோய்விட்டார்கள். மன்றத்துப் பலகை மட்டும் கம்பியால் கட்டியிருந்ததால் கிண்ணென்று நின்றது. அதை இறக்க வேண்டுமென்றால் சுகுமாரேட்டனிடம்தான் போக வேண்டும். வெறுமனே கேட்டுப் பார்த்தேன். "சுதந்திர தினம் வரைக்கும் இருக்கட்டுமே" என்றார். வேறு வழியில்லாமல் அவரைத் தனியாக அழைத்து, வேறு காதுக்குப் போகக் கூடாது என்று சொல்லி, விஷயத்தைச் சொன்னேன்.

அவர் கண் கலங்கிவிட்டார். நிஜமாகவே கலங்கியது.

"நம்ம பிள்ளைக்கா? நம்ம காரக்குன்னுப் பிள்ளைக்கா?"

"மெதுவா பேசுங்க ஏட்டா. படத்தை மட்டும் எடுத்துடுங்க, போதும். யாருக்கும் தெரியக் கூடாது, சட்டமே அதுதான்."

"நீ வீட்டுக்குப் போ மோளே. இனி இது உன் ஒருத்தி பிரச்சினை இல்ல. நான் பார்த்துக்கறேன்."

 ஒரு ஆம்பளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றால் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

அன்று ராத்திரியே மன்றத்தில் அவசரக் கூட்டம் போட்டிருக்கிறார்கள். கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறார்கள். சாயாவும் பருப்புவடையும் கொடுத்திருக்கிறார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நெட்டில் இருந்த படத்தை எடுத்துவிட்டார்கள், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது.

சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸில் இருந்தேன். உடன் வேலை பார்க்கும் ஷம்னா காரக்குன்னுப் பக்கம் டெலிவரிக்குப் போய்விட்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "சேச்சி, முக்குல ஒரு போர்டு வச்சிருக்காங்க, நீங்க பார்த்துட்டு வந்துடுங்க" என்றாள். பார்சல் பிரிக்கிற கத்தி கையில் இருந்தது. அதோடு அப்படியே பஸ் ஏறினேன்.

புதுப் பலகை. பழைய பலகைக்குப் பக்கத்திலேயே, அதே கம்பியில்.

'சைபர் குற்றவாளிகளைக் கைது செய்! கூரியர் ஆபீஸ் ப்ரஜிஷாவின் மகளுக்கு நீதி கிடைக்கும் வரை யுவதாரா போராடும். தெக்கேவளப்பில் குடும்பத்தோடு ஊர் நிற்கிறது.' நடுவில் ஒரு படம். முகத்தை மட்டும் கட்டம் கட்டமாகக் கலைத்திருந்தார்கள். அதே தாவணி, அதே மல்லிகைப்பூ. தோளில் என் நாத்தனாரின் நாலு விரல். பக்கத்துப் பலகையில் அதே தாவணிக்கு மேல் முகம் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தது, பேரோடு.

சுகுமாரேட்டன் கீழே குடை பிடித்துக்கொண்டு நின்று, பலகை நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா? உன்னைக் கூப்பிடணும்னுதான் இருந்தேன்."

"இது என்ன ஏட்டா?"

"ஏன், பேரைத்தான் போடலையே. சட்டம் தெரியாம செய்வோமா? வக்கீலையே கேட்டோம். பிள்ளை பேரு போடக் கூடாது, முகம் காட்டக் கூடாதுன்னார். ரெண்டும் இல்லியே."

"கூரியர் ஆபீஸ் ப்ரஜிஷாவுக்கு எத்தனை மகள்?"

அவர் யோசித்தார். நிஜமாக யோசித்தார், அந்தப் பாவம். "ஒண்ணு."

"அவ பேர் என்னன்னு பக்கத்துப் பலகையில இருக்குதா இல்லியா?"

"அது வாழ்த்துப் பலகை. இது வேற."

"கழட்டுங்க. ரெண்டையும் இப்பவே கழட்டுங்க."

"கமிட்டி முடிவு பண்ணினதை நான் ஒருத்தன் எப்படி... நாளைக்குப் பேசி..."

"கழட்டலேன்னா ஜஸ்னா மேடத்துக்குப் போன் போடுவேன். உள்ள போறது நீங்கதான்."

அவர் முகம் கறுத்துவிட்டது. "ஊரு உனக்காக நிக்குது. நீ ஊரை ஸ்டேஷனுக்கு அனுப்பறேங்கறே. நல்லாருக்கு ப்ரஜிஷா. ரொம்ப நல்லாருக்கு."

இதற்கு மேல் இந்த மனுஷரிடம் என்ன பேசுவது? ராகவேட்டனின் சாயாக்கடையிலிருந்து முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். அது ஒரு காலில் ஆடுகிற முக்காலி. மழை தூறிக்கொண்டிருந்தது. கத்தியை வைத்து ஒரு பக்கக் கட்டை அறுக்கப் பார்த்தேன். கம்பி என்பதால் கத்தி வழுக்கியது. துணியையே கிழிக்க ஆரம்பித்தேன். சாயாக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து வந்தார்கள். "இறங்கு சேச்சி, விழுந்துடுவீங்க" என்றான் ஒருத்தன். முக்காலியைப் பிடிக்க மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

திடீரென்று முக்காலி ஆடுவது நின்றது. குனிந்து பார்த்தால் நிவேத்யா.

தலை நனைந்திருந்தது. குடை கூட எடுக்காமல் ஓடி வந்திருக்கிறாள். பலகையைப் பற்றி ஃபிதா வந்து சொல்லியிருக்கிறாள். அந்த பைக் வந்த நாளிலிருந்து கேட்டைத் தாண்டாத பிள்ளை முக்கில் இத்தனை பேர் நடுவில் முக்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ எதுக்குடி வந்த? வீட்டுக்குப் போ."

"நீங்க அறுங்க அம்மே. நான் பிடிச்சுக்கறேன்."

அறுத்தேன். நீதி கேட்ட பலகை பாதியாகக் கிழிந்து சேற்றில் விழுந்தது. இறங்கப் போனேன்.

"அதையும்" என்றாள்.

பழைய பலகையைத்தான் சொன்னாள். அதில் அவளுடைய மார்க்கு இருந்தது, ராத்திரி கண் விழித்துப் படித்த படிப்பு இருந்தது, அவளுடைய சிரிப்பு இருந்தது. அதை அறுக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. தெருவில் நின்று அழுதேன், வெட்கப்படவில்லை. அது நன்றாகக் கட்டிய கட்டு. விளிம்போரமாக அறுக்க, ஒரே துண்டாக வந்தது.

முக்காலியிலிருந்து இறங்கித் திரும்பினால் அங்கே நின்ற எல்லார் கையிலும் போன். எல்லாப் போனும் எங்களைப் பார்த்து. ஆட்டோ டிரைவர், சாயாக்கடையில் வடை தின்றுகொண்டிருந்தவர், டியூஷன் முடிந்து வந்த பிள்ளைகள். சுகுமாரேட்டன் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படம் பிடித்தார். கண்ணில் தண்ணீர்.

"போனைக் கீழ போடுங்க. பிள்ளை நிக்குது, கண்ணு தெரியல?"

"உன்னைப் பெருமையாத்தான் எடுக்கறோம் ப்ரஜிஷா" என்றார் ராகவேட்டன்.

நான் இன்னும் கத்தியிருப்பேன். நிவேத்யா சத்தம் போடாமல் குனிந்து, அறுத்த ஃபிளெக்ஸை எடுத்தாள். முகம் இருந்த பக்கத்தை உள்ளே திருப்பித் தலைக்கு மேல் போட்டுக்கொண்டாள். என்னையும் உள்ளே இழுத்தாள். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளை. உள்ளே எங்கள் தலைக்கு மேல் அவளே சிரித்துக்கொண்டிருந்தாள். மழை வலுத்தது. வழி தெரியாமல், தரையை மட்டும் பார்த்துக்கொண்டு, வீடு வரைக்கும் அப்படியே நடந்தோம். அவள் என் கையை விடவில்லை.

சாயங்காலம் ஊர்க் குரூப்பில் வீடியோ வந்தது. முக்காலியில் நான் நின்று அறுத்ததிலிருந்தே இருந்தது. நிவேத்யா முக்காலியைப் பிடித்து நிமிர்ந்து பார்த்த அந்த நொடியும் இருந்தது, முகம் தெளிவாக. கடைசியில் வெள்ளைத் தாள் ஒன்று நாலு காலில் மழையில் போகிறது. கீழே சுகுமாரேட்டன் எழுதியிருந்தார்: 'வீரத்தாய் ப்ரஜிஷாவுக்கும் நம் நிவேத்யா மோளுக்கும் யுவதாராவின் பெரிய சல்யூட். எல்லோரும் பகிருங்கள்.' எல்லோரும் பகிர்ந்திருந்தார்கள். மன்றத்துப் பக்கத்திலும் வந்துவிட்டது. தோஹாவில் உள்ள வினீஷின் ரூம்காரர் ஒருவர் கைதட்டுகிற பொம்மை போட்டிருந்தார்.

எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஜஸ்னா மேடத்தைக் கூப்பிட்டேன்.

"சொல்லுங்க சேச்சி. ஃபிளெக்ஸ் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு மேடம்."

"நல்லது. அப்புறம் என்ன?"

"எடுத்ததை வீடியோ எடுத்துப் போட்டிருக்காங்க."

 அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. "லிங்க் அனுப்புங்க" என்றார்.

மன்றத்து லிங்கை அனுப்பினேன். வார்டு கமிட்டி லிங்கை அனுப்பினேன். கோயில் கமிட்டியும் போட்டிருந்தது, அதையும் அனுப்பினேன். அனுப்பிக்கொண்டே இருந்தபோது நிவேத்யா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் தோள் வழியாகப் போனைப் பார்த்தாள்.  எழுந்து போய்ப் புதுப் பையில் நோட்டுகளை எடுத்து வைத்தாள். பழைய மழைக்கோட்டு ஒன்றைத் தேடி எடுத்து, அதன் தொப்பியை இழுத்துப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். முகம் எவ்வளவு மறைகிறது என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மே, திங்கட்கிழமை மழை பெய்யுமா?"

"பெய்யும்" என்றேன்.